கொடி சாயும் நேரம்: 50 மீட்டர் ப்ரோனில் சென்னைக் காற்றோடு 60 ஷாட்

ப்ரோன் என்பது படுத்தபடி ரைபிள் சுடும் போட்டி. அதன் 50 மீட்டர் டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு. .22 குண்டின் விட்டம் 5.6 மி.மீ. வளையத்தின் ஓரத்தைக் குண்டு தொட்டாலே கணக்கு என்பதால், குண்டின் மையம் டார்கெட் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் 10.0 கிடைக்கும். அதற்குள் ஒவ்வொரு 0.8 மி.மீ. நெருக்கத்துக்கும் 0.1 கூடும், நட்டநடுவே விழுந்தால் 10.9.

இப்போது காற்றைச் சேருங்கள். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று ஊதுவத்திப் புகையைச் சாய்க்கும், முகத்துக்கு உறைக்காது. அது குண்டை ஏறக்குறைய 5 மி.மீ. தள்ளும். 10.9 ஆக வேண்டியது 10.3 ஆகிவிடும். வேப்ப இலை சலசலக்கும் அளவுக்கு, நொடிக்கு 2 மீட்டர் என்றால் 9.7. 3 மீட்டர் என்றால் 9.1. ரைபிள், தோட்டா, படுக்கை எல்லாம் சரியாக இருந்தும் இத்தனை போகும். 60 ஷாட்டுக்கு முழு மதிப்பெண் 654. அதில் 600 அடிக்கும் ஆளுக்கும் 620 அடிக்கும் ஆளுக்கும் இடையில் டிரிகர் விரலைவிடக் காற்றுதான் பெரும்பாலும் நிற்கிறது.

ஆண்கள் ப்ரோன் 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. 2012 லண்டனில் ஜாய்தீப் கர்மாக்கர் நான்காம் இடம் வந்தது இந்தப் பிரிவில்தான். ஆனால் தேசியப் போட்டியிலும் உலக சாம்பியன்ஷிப்பிலும் ப்ரோன் இருக்கிறது. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் எடுத்த 3 பொசிஷனிலும் (முழங்காலிட்டு, படுத்து, நின்று சுடுவது) மூன்றில் ஒரு பங்கு ப்ரோன்தான். காற்று படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. படுத்திருக்கும்போது உடம்பு ஆடாது. தவறு யாருடையது என்று உடனே தெரிந்துவிடும்.

சென்னையில் காற்று எப்படி மாறும்

தமிழில் வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. சென்னையில் சுடுபவருக்கு இந்த நான்கும் ஒரே நாளில் வாய்க்கக்கூடும்.

மார்ச் முதல் செப்டம்பர் வரை பொதுவான நடை இது: காலையில் தரையிலிருந்து கடலுக்குப் போகும் மேற்கு அல்லது தென்மேற்குக் காற்று. வெயில் ஏறி, நண்பகலுக்கு முன்போ பின்போ கடற்காற்று தென்கிழக்கிலிருந்து நுழையும். மே, ஜூனில் மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடற்காற்று மதியம் இரண்டு, மூன்று மணி வரைகூடத் தள்ளிப்போகும். ஒத்திவாக்கம் மாதிரி கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ரேஞ்சுக்கு இன்னும் தாமதம். ஆபத்தானது அந்த மாற்றம் நடக்கும் அரை மணி நேரம். இரண்டு காற்றும் மோதும்போது கொடி ஒரு பக்கம் தூக்கும், தொங்கும், எதிர்ப் பக்கம் தூக்கும். பிறகு சட்டென்று ஈரம் ஏறி, வெயில் தணிந்த மாதிரி இருக்கும். கடற்காற்று நிலைத்துவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் சுடுவது உண்மையில் சுலபம். வேகம் கூடினாலும் திசை ஒன்றாகவே இருக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று. மழை மேகம் நெருங்கும்போது மட்டும் எல்லாக் கணக்கும் தவறும். ஜனவரி, பிப்ரவரி காலை டீடெயில் (உங்களுக்கு ஒதுக்கும் சுடும் சுற்று) கிடைத்தால் கொடுத்துவைத்தவர்.

உங்கள் ரேஞ்ச் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பதால் பல ரேஞ்சுகள் வடக்கு நோக்கி இருக்கும். அப்படியானால் காலைக் கோடை இடப்பக்கத்திலிருந்து வரும். தென்கிழக்குக் கடற்காற்று வலப்பக்கம் பின்னாலிருந்து, கடிகாரத்தில் நாலரை மணி திசையிலிருந்து வரும். காலையில் பழகிய கிளிக் (குறிபார்க்கும் சைட்டின் திருகில் ஒரு படி) மதியத்துக்கு நேர் எதிர். போட்டிக்கு முந்தைய நாள் பயிற்சியை உங்கள் டீடெயில் நேரத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

காற்றைக் கணக்காக மாற்றுவது

முழு வேகமும் குண்டைத் தள்ளாது. குறுக்கே வரும் பங்கு மட்டும்தான். கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள், டார்கெட் 12 மணி. 3 மணி, 9 மணிக் காற்று முழுசு. 2, 4, 8, 10 மணிக் காற்று ஏறக்குறைய எட்டில் ஏழு பங்கு, முழுசாகவே எடுத்துக்கொள்ளலாம். 1, 5, 7, 11 மணி பாதி. நாலரை மணிக் கடற்காற்று பத்தில் ஏழு பங்கு. நொடிக்கு 2 மீட்டர் கடற்காற்று என்றால் குறுக்குப் பங்கு 1.4, குண்டு 7 மி.மீ. இடப்பக்கம் போகும். 10.0-வின் விளிம்பில் நிற்கிறீர்கள்.

இடப்பக்கம் மட்டும் போகாது. வலம் சுழலும் பள்ளம் வெட்டிய பேரலில், வலமிருந்து வரும் காற்று குண்டை இடதுபுறம் தள்ளும்போதே சற்று மேலேயும் தூக்கும். இடமிருந்து வரும் காற்று வலதுபுறம் தள்ளிக் கீழே இறக்கும். குரூப் (ஷாட்கள் விழுந்த கூட்டம்) பத்து மணியிலிருந்து நாலு மணிக்குச் சாய்ந்த கோடாக விழுந்தால் மூச்சிலோ தோள்பட்டையிலோ குறை தேடாதீர்கள். அது காற்று.

12 மணி, 6 மணிக் காற்று பாவமில்லை என்று புதியவர்கள் நினைப்பார்கள். அதுதான் படுமோசம். நொடிக்கு 3 மீட்டர் எதிர்க்காற்று வெறும் 20 டிகிரி இடவலமாக ஆடினால், குறுக்குப் பங்கு இந்தப் பக்கம் 1, அந்தப் பக்கம் 1. குண்டு மொத்தம் 10 மி.மீ. அகலத்துக்கு அலைபாயும். நேரே உங்களைப் பார்த்து வரும் கொடியில் அந்த 20 டிகிரி கண்ணுக்குச் சரியாகத் தெரியவும் தெரியாது.

எந்தக் கொடியை நம்புவது

சர்வதேச விதிப்படி 50 மீட்டர் ரேஞ்சில் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் பருத்திக் கொடி இருக்கும், 5 செ.மீ. அகலம், 40 செ.மீ. நீளம். சொந்தமாக ரிப்பனோ நூலோ கட்டிக்கொள்ளத் தடை உண்டு. ஆனால் தரையில் வைக்கும் டெலஸ்கோப் வழியாகக் காற்றைப் பார்க்கலாம்.

இரண்டு கொடியும் வேறு வேறு சொன்னால் 10 மீட்டர் கொடிக்கு மதிப்பு அதிகம். தொடக்கத்தில் வாங்கிய சாய்வைக் குண்டு மீதி தூரம் முழுக்கச் சுமந்துகொண்டு போகும். கணக்குப் போட்டால் முதல் 25 மீட்டரில் வீசும் காற்றுதான் மொத்தத் தள்ளலில் முக்கால் பங்கைத் தருகிறது. 30 மீட்டர் கொடியின் வேலை வேறு. வரப்போகும் மாற்றத்தை அது முன்கூட்டிச் சொல்லும்.

ரேஞ்சின் பக்கச்சுவர் இன்னொரு சிக்கல். சுவரைத் தாண்டி வரும் காற்று உள்ளே இறங்கும்போது சுருண்டு திரும்பும். சுவரோர லேனில் தென்னை ஓலை ஒரு பக்கம் ஆட, கொடி எதிர்ப் பக்கம் காட்டும். நம்ப வேண்டியது கொடியை. குண்டு போகும் உயரத்தில் இருப்பது அதுதான், ஓலை அல்ல. அதனால்தான் பக்கத்து லேன்காரர் சொல்லும் கிளிக் எண்ணிக்கையும் உங்களுக்குப் பொருந்தாது.

வெயிலில் கானல் இன்னும் நுட்பமாகப் பேசும். டெலஸ்கோப்பை டார்கெட்டில் கூர்மையாக்கிவிட்டு, குவியத்தை முன்னால் 30 மீட்டர் கொடி வரை இழுங்கள். கானல் நீரோடை மாதிரி ஒரு பக்கம் ஓடினால் அந்தப் பக்கம் காற்று. உலைநீர் மாதிரி மேல்நோக்கிக் கொதித்தால் குறுக்குக் காற்று நின்றிருக்கிறது, அல்லது திசை மாறப்போகிறது. அந்தக் கொதிப்பில் சுடாதீர்கள். அடுத்து எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாது. காற்று பலமானால் கானல் பட்டையாகத் தேய்ந்து பயன்படாமல் போகும். அப்போது கொடிதான்.

போட்டிக்கு முன் முடிக்க வேண்டியவை

சைட்டின் கிளிக் மதிப்பை நீங்களே அளந்துகொள்ளுங்கள். ரைபிள், சைட் நீளம், திருகு எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். காற்றில்லாத காலையில் 5 ஷாட் போடுங்கள். பக்கவாட்டுத் திருகை 10 கிளிக் திருப்பி இன்னொரு 5. இரண்டு குரூப் நடுக்களுக்கும் உள்ள தூரத்தைப் பத்தால் வகுங்கள். 15 மி.மீ. வந்தால் ஒரு கிளிக் 1.5 மி.மீ. மேலே சொன்ன 7 மி.மீ. தள்ளலுக்கு 5 கிளிக். மறுபடி 10 கிளிக் பின்னால் திருப்பி, குரூப் பழைய இடத்துக்கே வருகிறதா என்றும் பாருங்கள். வராவிட்டால் திருகில் ஆட்டம் இருக்கிறது.

திருகில் உள்ள எழுத்திலும் ஒரு கண்ணி உண்டு. ஜெர்மன் நிறுவனமான ஆன்ஷூட்ஸின் சைட்டில் ஆர் என்றால் 'வலப்பக்கம் விழுந்திருந்தால் இந்தப் பக்கம் திருப்பு' என்று பொருள். குண்டு இடப்பக்கம் நகரும். வேறு சில சைட்டுகளில் அதே எழுத்து 'குண்டு வலப்பக்கம் நகரும்' என்று சொல்லும். கிளப் ரைபிள் மாற்றி மாற்றிச் சுடுபவர்கள் திருகின் பக்கத்தில் ஒரு சின்ன டேப் ஒட்டி, குண்டு நகரும் திசையை அம்புக்குறியாக வரைந்துவிடுங்கள். அவசரத்தில் ஜெர்மன் மொழி ஞாபகம் வராது.

தோட்டாவில் வேகத்தைத் தேடாதீர்கள். மேட்ச் தோட்டாக்கள் நொடிக்கு 330 மீட்டர் பக்கம் ஓடுகின்றன. 35 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் 352. ஒலிவேகத்தைத் தாண்டும் ஹை வெலாசிட்டி தோட்டா காற்றின் தடையால் சட்டென்று வேகம் இழக்கும். குண்டு எவ்வளவு வேகம் இழக்கிறதோ அவ்வளவு காற்றுக்கு வளையும். வேகமான .22 தோட்டா, மேட்ச் தோட்டாவைவிட அதிகம் ஒதுங்குவது அதனால்தான். உங்கள் பேரலுக்கு ஒத்துவரும் லாட்டை (ஒரே தயாரிப்புத் தொகுதி) கண்டுபிடித்ததும், போட்டிக்கும் பயிற்சிக்கும் அதையே வைத்திருங்கள். பெட்டியை வெயிலில் வைத்தால் குண்டின் மேல் பூசிய மெழுகு இளகும். குரூப் மேலும் கீழும் நீளும். துண்டு போட்டு மூடி வையுங்கள்.

பயிற்சி நாட்களில் கையடக்கக் காற்றுமானி ஒன்றைக் கொடியின் பக்கத்தில் பிடித்து, கொடி எத்தனை டிகிரி தூக்கினால் எவ்வளவு வேகம் என்று பழகுங்கள். பிறகு சைட்டைத் தொடாமல், ஒரே மாதிரிக் காற்றில் 10 ஷாட், வேறு மாதிரிக் காற்றில் 10 ஷாட். நோட்டில் கொடியின் படத்தை வரைந்து, பக்கத்தில் குரூப் நடு எத்தனை மி.மீ. தள்ளியது என்று எழுதுங்கள். இப்படி ஏழெட்டுப் படம் சேர்ந்தால் போட்டியில் காற்றுமானியே தேவைப்படாது.

15 நிமிட சைட்டர்

போட்டி நேரக் கணக்கு: தயாரிப்புக்கும் சைட்டருக்கும் (கணக்கில் வராத சோதனை ஷாட்) 15 நிமிடம்; எலக்ட்ரானிக் டார்கெட்டில் 60 ஷாட்டுக்கு 50 நிமிடம். ப்ரோனில் மேட்ச் தொடங்கியபின் சைட்டருக்குத் திரும்ப முடியாது.

பெரும்பாலானோர் இந்த 15 நிமிடத்தைக் காற்று அடங்கிய சமயம் பார்த்து அழகான பத்துகள் போட்டுப் பாழாக்குகிறார்கள். மேட்ச் தொடங்கியதும் அந்த அமைதி வருவதில்லை. சென்னை நடுப்பகலில் கொடி தொங்குவது ஐந்து விநாடி. அதில் ரைபிளைத் தோளில் நிறுத்தவே நேரம் போதாது.

முதல் இரண்டு மூன்று நிமிடம் சுடவே வேண்டாம். கொடியை மட்டும் பாருங்கள். எந்த நிலை அடிக்கடி திரும்பி வருகிறது? வந்தால் 20, 30 விநாடியாவது நிற்கிறதா? போவதற்கு முன் 30 மீட்டர் கொடி துப்புக் கொடுக்கிறதா? இந்த மூன்றுக்கும் பொருந்தும் ஒரு காற்றைப் பிடியுங்கள். அது லேசானதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நாலு மணியிலிருந்து சீராக வீசும் பலமான கடற்காற்று, ஆடிக்கொண்டிருக்கும் மெல்லிய காற்றைவிட எவ்வளவோ மேல். அந்தக் காற்றில் கிளிக் வைத்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அதுதான் இன்றைய உங்கள் ஜீரோ.

பிறகு வேண்டுமென்றே அதே கிளிக்கில் கூடின காற்றில் இரண்டு, குறைந்த காற்றில் இரண்டு, எதிர்த்திசையில் கிடைத்தால் இரண்டு. 9.2 விழட்டும், சைட்டருக்கு மார்க் கிடையாது. ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளியது என்று பாயின் ஓரத்தில் வைத்த சீட்டில் குறியுங்கள். உங்கள் காற்று பாதியில் காணாமல் போனால் இந்தச் சீட்டுதான் இரண்டாவது ஜீரோ.

60 ஷாட்

50 நிமிடத்தை 60-ஆல் வகுத்தால் ஷாட்டுக்கு 50 விநாடி. பழகிய கை ஒரு ஷாட்டை 25, 30 விநாடியில் முடிக்கும். ஆக 20 நிமிடத்துக்கு மேல் கையிருப்பு. அதைக் காத்திருப்பதற்காகத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த காற்று இருக்கும்போது விடாமல் நாலைந்து ஷாட், போனதும் நிறுத்தம். ஷாட்டுக்கு ஷாட் ஒரே இடைவெளி விடும் ஒழுங்கு உள்ளரங்கில் ஏர் ரைபிளுக்குச் சரி, இங்கே ஆகாது.

ஒரு ஷாட்டை அருகில் பார்ப்போம். தோட்டாவைப் போட்டு போல்ட்டை அடைக்கிறீர்கள். இடக்கண் ஓரமாக டெலஸ்கோப். 10 மீட்டர் கொடி நாலு மணியிலிருந்து பாதி தூக்கி நிற்கிறது. கன்னம் ஸ்டாக்கில் இறங்குகிறது. முன்வளையத்துக்குள் கருவட்டம், சுற்றிலும் வெள்ளை ஒரே அகலம். மூச்சு பாதியில் நிற்கிறது. இந்த இடத்தில், டிரிகரின் முதல் அழுத்தம் எடுக்கும் முன், கொடியை மறுபடி ஒரு பார்வை. 30 மீட்டர் கொடி மெல்லச் சரிகிறது. விரல் வெளியே. தலை மேலே. போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுங்கள். சூடான சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) அது ஒரு நிமிடம் வேகக் கூடாது. கொடி சரியாக இருந்திருந்தால் அந்தப் பார்வையிலிருந்து ஐந்தாறு விநாடிக்குள் சுட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் கொடியின் செய்தி பழசாகிவிடும், கண்ணும் களைக்கும்.

கிளிக்கா, ஒதுக்கிப் பிடிப்பதா என்பது நித்திய வழக்கு. காற்று கொஞ்சம் கூடிக் குறைந்து, தள்ளல் 3, 4 மி.மீ.க்குள் இருந்தால் ஒதுக்கிப் பிடிக்கலாம். வலமிருந்து காற்று கூடினால் குறியை வலப்பக்கம் ஒரு மயிரிழை நகர்த்துங்கள். ஆனால் பீப் சைட்டில் கண் எப்போதும் வட்டத்துக்குள் வட்டத்தை நடுவில் உட்காரவைக்கத் துடிக்கும். ஒதுக்கிப் பிடித்து மூன்று விநாடிக்கு மேல் நின்றால், உங்களுக்கே தெரியாமல் நடுவுக்கு இழுத்துவிடும். ஒரு வளையம், அதாவது 8 மி.மீ.யை நெருங்கும் மாற்றம், அதுவும் நிலைத்து நிற்கும் மாற்றம் என்றால் கிளிக்தான். கிளிக் வைத்தால் எண்ணிக்கையைச் சீட்டில் எழுதுங்கள். 'மூணு போட்டேனா நாலா' என்ற சந்தேகம் வந்தபின் அந்தத் திருகு உங்களுக்குச் சொந்தமில்லை.

மானிட்டரைப் பார்க்கும் முன், ஷாட் எங்கே போயிருக்கும் என்று மனதுக்குள் சொல்லுங்கள். 'நடு' என்று சொல்லி, ஒன்பதரை மணிப்பக்கம் 9.7 விழுந்தால் காற்று. 'கொஞ்சம் கீழே இழுத்துட்டேன்' என்று சொல்லி, கீழே விழுந்தால் உங்கள் கை. கைத் தவறுக்குக் கிளிக் வைப்பவர்தான் பத்து ஷாட்டுக்குள் டார்கெட் முழுக்கச் சுற்றி வருவார். ஒரு ஷாட்டை வைத்து எதையும் மாற்ற வேண்டாம். அதே காற்றில் இரண்டு ஷாட் ஒரே பக்கம் போனால் மாற்றலாம்.

காதையும் திறந்து வையுங்கள். லைன் முழுக்கச் சடசடவென்று சுடும்போது எல்லாருக்கும் பிடித்த காற்று ஓடுகிறது. திடீரென்று அமைதியானால் யாரோ உங்களுக்கு முன்னால் எதையோ பார்த்துவிட்டார்கள்.

காத்திருப்பு நீண்டால் இடக்கை மரத்துப்போகும், கையோடு ரைபிளை இறுக்கும் ஸ்லிங் பட்டையால் நாடித்துடிப்பு சைட்டில் தெரியும். இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் ரைபிளை இறக்கி, ஸ்லிங்கைத் தளர்த்தி விரலை மடக்கி நீட்டுங்கள். திரும்பப் படுத்ததும் கண்ணை மூடி மூச்சு விட்டுத் திறந்து, குறி உங்கள் டார்கெட்டிலேயே இயல்பாக நிற்கிறதா என்று பாருங்கள். எண்ணையும் ஒருமுறை படியுங்கள். இறங்கி ஏறிய அவசரத்தில் பக்கத்து டார்கெட்டில் சுட்டால் அந்த மேட்ச் ஷாட் சுழி. 10 நிமிடம் மீதி இருக்கும்போது 12 ஷாட்டுக்கு மேல் பாக்கி வைக்காதீர்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் காற்று நம் பேச்சைக் கேட்காது.

வியர்வை தனிப் பிரச்சினை. கேன்வாஸ் ஜாக்கெட்டுக்குள் முக்கால் மணி நேரம் படுத்தால் நெற்றியிலிருந்து நேரே வலக்கண்ணுக்குத்தான் வரும். பருத்தி நெற்றிப்பட்டை ஒன்று கட்டிக்கொண்டு, உலர்ந்தது ஒன்றைப் பக்கத்தில் வைத்திருங்கள். பின்சைட்டின் கண்ணாடியில் உப்புத்துளி பட்டால் உள்ளங்கையால் துடைக்காதீர்கள், லென்ஸ் துணி வேண்டும். முந்தைய இரவே தண்ணீர் குடித்து வையுங்கள். மேட்சுக்கு முன் காபி வேண்டாம், நாடி சைட்டில் எகிறும்.

முடிந்ததும் போல்ட்டைத் திறந்து ஆரஞ்சுப் பாதுகாப்புக் கொடியைச் சேம்பரில் சொருகி, அதிகாரி பார்த்தபின் எழுந்திருங்கள். வீட்டுக்கோ கிளப் லாக்கருக்கோ போகும் முன் பேரலின் வெளிப்புறம், போல்ட், சைட் திருகு எல்லாவற்றிலும் மெல்லிய எண்ணெய்த் துணி ஓட்டுங்கள். கடற்காற்றில் ஒரு மதியம் இருந்த இரும்பு, வியர்வைக் கைரேகையோடு பெட்டியில் மூடிவைத்தால், காலையில் அந்த ரேகையைச் செம்பழுப்பாகத் திருப்பிக் காட்டும்.